விடை சரி, மார்க் மட்டும் அரையா?

தாமரை: என் மகள் ப்ளஸ் டூ. காலாண்டுத் தேர்வில் இயற்பியலில் 3 மார்க் கணக்கு ஒன்று: 4 ஓம், 6 ஓம் மின்தடைகள் பக்க இணைப்பில், 12 வோல்ட் பேட்டரி, மொத்த மின்னோட்டம் எவ்வளவு? "5" என்று விடையை மட்டும் எழுதியிருக்கிறாள். அரை மார்க்தான். விடை சரியாக இருக்கும்போது இது என்ன நியாயம்?

கரும்பலகை: அம்மா, நானும் விடைத்தாள் திருத்துகிறவன். 5 என்றால் 5 என்ன? ஆம்பியர் இல்லாததற்கே அரை மார்க் போய்விடும். சரி, அதை விடுங்கள். இதே மாதிரிக் கணக்கில் என் மாணவன் ஒருவன் 1/4 + 1/6 = 5/12 என்று எழுதினான். அதைத் தலைகீழாக்க மறந்து, 5/12-ஐயே மின்தடையாக வைத்து 28.8 ஆம்பியர் என்று முடித்தான். விடை தப்பு. ஆனால் பக்க இணைப்பும் ஓம் விதியும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது, சறுக்கிய இடமும் கண்ணுக்குத் தெரிகிறது. 2 மார்க் போட்டேன். வெறும் 28.8 என்று எழுதியிருந்தால் சுழிதான்.

வேகக்கணக்கு: சார், நீட்டில் 180 நிமிடத்துக்கு 180 கேள்வி. சரிக்கு 4, தப்புக்கு மைனஸ் 1. அங்கே வழியை யாரும் பார்ப்பதில்லை, படிகளைத் தாண்டத்தான் பழகுகிறோம். கைடில் உள்ள படிகளை மனப்பாடம் செய்தவனுக்கு முழு மார்க், புரிந்து மனக்கணக்காகப் போட்ட பெண்ணுக்கு அரை. இது எனக்கு ஒப்பவில்லை.

கரும்பலகை: மனப்பாடம் பற்றி நீ சொல்வது உண்மை தம்பி, எனக்கும் அந்த வருத்தம் உண்டு. ஆனால் நம் பொதுத்தேர்வில் எழுத்துத் தேர்வின் 70-ல் 15 மட்டுமே ஒரு மார்க் கேள்விகள். மீதி 55-க்கும் நீ எழுதியதைத்தான் நாங்கள் படிக்க முடியும்.

தாமரை: இப்போதுதான் தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். பக்கத்தின் அடியில் ரஃப் என்று போட்டு 5/12, அப்புறம் 2.4, 12/2.4 எல்லாம் எழுதிக் குறுக்கே அடித்திருக்கிறாள்!

கரும்பலகை: அடித்ததைத் திருத்துவதில்லை அம்மா. 3 மார்க்கும் அங்கேதான் இருந்தது. வாய்ப்பாட்டை ஒரு வரி எழுதி, அந்த ரஃபையே மேலே ஒழுங்காக எழுதி, கடைசியில் ஆம்பியர் போட்டிருந்தால் போதும்.

வேகக்கணக்கு: அவ்வளவுதான் என்றால் எழுதலாம் சார். ஆனால் கேள்வியில் உள்ளதையே "தரவு" என்று தலைப்புப் போட்டுத் திரும்ப எழுதச் சொல்கிறார்களே?

கரும்பலகை: அந்தத் தலைப்புக்கு நான் தனியாக மார்க் போட்டதே இல்லை.