எஸ்பிளனேடின் பெரிய அரங்கம் கர்நாடகக் கச்சேரிக்கு ஒத்து வருமா?

தனிஆவர்த்தனம்:
சிங்கப்பூரின் எஸ்பிளனேட் கலை மையத்தில் கலா உற்சவம் என்ற இந்தியக் கலைவிழா வந்தாலே இந்தச் சண்டையும் வரும். நானே ஆரம்பித்துவிடுகிறேன். சுமார் 1,600 பேர் உட்காரும் அந்த கான்சர்ட் ஹால், மேற்கத்திய ஆர்கெஸ்ட்ராவை மனதில் வைத்து ரஸ்ஸல் ஜான்சன் ஒலியமைத்தது. வாத்தியங்கள் கலந்து, வயலின் வில்லைத் தந்தியிலிருந்து எடுத்த பிறகும் நாதம் கொஞ்சம் மிதக்க வேண்டும். அது சிம்பொனிக்கு அழகு, மிருதங்கத்துக்கு வினை. தொப்பியில், அதாவது இடப்பக்கத்தில், விழுந்த கும்கியின் ஆழ்ந்த நாதம் அடங்குவதற்குள் வலந்தலையில், வலப்பக்கத்தில், பரன் என்ற வேகச் சொற்கட்டு ஓடினால், முத்தாய்ப்பான கோர்வை எங்கே முடிந்தது என்று யாருக்குத் தெரியும்?

நீலக்குடை:
அரங்கம் ஒரே மாதிரியா நிற்கிறது? மேடைக்கு மேலே தொங்கும் விதானத்தை ஏற்றி இறக்கலாம். சுற்றியுள்ள எதிரொலி அறைகளின் கான்கிரீட் கதவுகளைச் சாத்தலாம், திரைகளை இறக்கலாம். சாத்திப் பாருங்கள், நீங்கள் சொல்லும் மிதப்பு அடங்கிவிடும். மைக் வைத்த கச்சேரிக்கும் சேர்த்துத்தான் அதையெல்லாம் வைத்திருக்கிறார்கள்.

தனிஆவர்த்தனம்:
சரி, எல்லாவற்றையும் சாத்திவிட்டு அப்புறம் ஸ்பீக்கரில் கேட்பதற்கு அந்த அரங்கம் எதற்கு? 245 இருக்கை உள்ள ரிசைட்டல் ஸ்டுடியோவே போதும். தம்புராவின் ஜீவா, அந்த ரீங்காரம், அங்கேதான் காதில் விழும்.

படகுத்துறை:
245 பேரோடு கதவைச் சாத்தினால் மிச்சப் பேர் எங்கே போவது? 600 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி செலவழித்துக் கட்டிய இடம் அய்யா! உண்மையான குறை வேறு. 2002ல் திறந்தபோது ஒரு பக்கம் கான்சர்ட் ஹாலும் சுமார் 2,000 பேருக்கான தியேட்டரும். மறுபக்கம் 245, 220 என்று இரண்டு ஸ்டுடியோ. நடுத்தரமாக ஒன்றுமே இல்லை. 550 இருக்கையோடு தண்ணீரோரம் புது அரங்கம் வர 2022 ஆகிவிட்டது. அதுவும் நாடகத்துக்கும் நடனத்துக்கும் வாகாகக் கட்டியது. பாட்டுக்காரர்கள் இன்னும் கைமாற்று இடத்தில்தான்.

கடற்காற்று:
டிக்கெட் வாங்கிய கூட்டத்தைப் பற்றியே பேசுகிறீர்களே. அங்கே நடப்பதில் பெரும்பங்கு இலவச நிகழ்ச்சிதான். விரிகுடாவைப் பார்த்த திறந்தவெளி அரங்கில் வேலை முடிந்து போகிறவர்கள்கூட நின்று கேட்கிறார்கள். முன்பு மூன்றாம் மாடியில் கலை நூலகமும் இருந்தது. டுரியான் பழம் மாதிரி முள்முள்ளாக இருக்கும் கூரையைப் படம் பிடிக்க வந்தவர்களில் நாலு பேர் வர்ணம் கேட்டுவிட்டுப் போனால் எனக்கு அது போதும்.

நீலக்குடை:
திறந்தவெளியில் சங்கீதமா? ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடும் நிரவலைப் படகுச் சத்தமும் பேச்சுச் சத்தமும் சேர்ந்து தின்றுவிடும்.

தனிஆவர்த்தனம்:
தாளவாத்தியத்துக்கு நான் அந்த இடத்தையே கேட்பேன். பக்கச்சுவர் கிடையாது, தாளச் சொல் ஒவ்வொன்றும் சுத்தமாக விழும். நாகஸ்வரமும் தவிலும் பிறந்ததே வெளியில்தானே?

நீலக்குடை:
வீணையை அங்கே கொண்டுபோய் வைப்பீர்களா?

தனிஆவர்த்தனம்:
வீணைக்கு 245 என்று முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். வாய்ப்பாட்டுக்கு மட்டும் படகுத்துறை சொன்ன அந்த 550ஐ முயன்று பார்க்கலாம், மைக்கைப் பாதியாகக் குறைப்பதாக இருந்தால்.