மறு: தோட்ட ரயில் மேல்கம்பி – ‘கோணல்’ வேண்டாம், ‘ஒதுக்கு’?

அன்பின் நண்பர்களுக்கு,

தோட்டத்தில் ஓடும் எங்கள் மாதிரி ரயிலின் மேல்கம்பிக்குக் கலைச்சொல் பட்டியல் போடுகிறோம் அல்லவா? அதில் ஆங்கில ‘stagger’ என்பதற்கான தமிழ்ச் சொல் பற்றிக் கொக்குவில் அண்ணா கேட்டது:

> கம்பியை ஒரு கம்பத்தில் இடப்பக்கமும் அடுத்த கம்பத்தில் வலப்பக்கமும் தள்ளிக் கட்டுவதை ‘கோணல்’ என்றே சொல்லிவிடலாமே?

கொக்குவில் அண்ணா சொன்னது சின்னச் சொல், வாயில் நிற்கும். ஆனால் கோணல் என்றால் நிமிர்த்தத்தானே மனம் வரும்? பராமரிக்க வரும் பெடியன் கம்பியை நேராக்கிவிட்டுப் போனால் கதை முடிந்தது. நடுக்கோட்டிலேயே ஓடும் கம்பி, வண்டிக் கூரையில் நின்று மின்சாரம் எடுக்கும் பன்டோகிராஃபின் கரிப்பட்டையை ஒரே இடத்தில் அராவிப் பள்ளமாக்கும். பிறகு வளைவில் அந்தப் பள்ளத்திலேயே மாட்டிக்கொள்ளும்.

‘அலைவு’ பௌதிகவியலில் ஊசலுக்குப் போய்விட்டது. இங்கே கம்பி ஆடவில்லை, தள்ளி நிற்கிறது. ‘விலகல்’ நல்ல சொல், ஆனால் பௌதிகவியலில் இழிவு விலகல், புள்ளிவிபரவியலில் நியம விலகல் என்று ஏற்கெனவே இரண்டு வீட்டு மருமகன்.

நான் சொல்வது ‘ஒதுக்கு’. கம்பத்தில் நாங்கள் கம்பியை ஒதுக்குகிறோம், அது ஒதுக்கு. கம்பங்களுக்கு நடுவே கம்பி தானாக ஒதுங்குகிறது, அது ஒதுங்கல். பிறவினையும் தன்வினையும் இந்த வேறுபாட்டைச் செலவில்லாமல் தருகின்றன. 1200 மி.மீ. ஆரையுள்ள வளைவில் 400 மி.மீ.க்கு ஒரு கம்பம் நட்டால், கம்பி நாணாகத்தான் ஓடும். இடைநடுவில் வில்லிலிருந்து சுமார் 17 மி.மீ. உள்ளே போய்விடும். கம்பத்தில் வெளிப்பக்கம் 8 மி.மீ. ஒதுக்கு கொடுத்தால் நடுவில் உட்பக்க ஒதுங்கல் 9 ஆகும். இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் கொப்பியில் எழுதிய எண் எந்த இடத்தில் அளந்தது என்று யாருக்குத் தெரியும்? சோளகக் காற்று அடிக்கும்போது கம்பி போகும் தூரமும் ஒதுங்கலில்தான் சேரும்.

(இந்திய ரயில்வேயின் நேர்ப்பாதையில் ஒதுக்கு 200 மி.மீ. வரை. எங்கள் 1:22.5 அளவில் அது 9 மி.மீ. கூட இல்லை.)

இங்கே இலங்கையில் யாழ்தேவி ரயில் ஓடும் வடக்குப் பாதையில் டீசல்தான், தலைக்கு மேல் கம்பியே இல்லை. இருந்திருந்தால் லைன் வேலையாட்கள் எப்போதோ ஒரு பெயர் வைத்திருப்பார்கள், நாங்கள் அதை எடுத்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம்.

‘இடவொதுக்கு’ என்று மட்டும் சேர்த்து எழுத வேண்டாம். சென்னை நண்பர்கள் வேலைவாய்ப்புக்கு விண்ணப்பம் போட்டுவிடுவார்கள். ‘இடப்பக்க ஒதுக்கு’ போதும்.

– – –

இதற்குக் குழுவிலிருந்து வந்த பதில்:

> நான் சொல்வது ‘ஒதுக்கு’

எதிலிருந்து, தம்பி? வளைவில் வெளித் தண்டவாளத்தை உயர்த்திப் போட்டிருக்கிறேன். வண்டி சாய, பன்டோகிராஃபும் உட்பக்கம் சாயுது. தண்டவாள நடுவிலிருந்து அளந்தால் ஒரு எண், பன்டோகிராஃபின் நடுவிலிருந்து அளந்தால் இன்னொன்று. தேய்வது கரிப்பட்டை, ஆகவே ‘பன்டோகிராஃபின் நடுவிலிருந்து’ என்று வரைவிலக்கணத்தில் போடுங்கோ, நானும் கை தூக்குகிறேன்.

அடுத்தது, மேலே ஓடும் தாங்கு கம்பியிலிருந்து, பன்டோகிராஃப் உரசும் தொடு கம்பியைப் பிடித்திருக்கும் சிறு கம்பிகள். பட்டியலில் ‘தொங்கல்’ என்று கிடக்கிறது. இங்கே தொங்கல் என்றால் கடைசி முனை; ‘தொங்கலைப் பார்’ என்றால் பெடியன் பாதையின் கடைசிக் கம்பத்தில்தான் போய் நிற்பான். ‘தூக்குக் கம்பி’ என்று மாற்றலாமா?