அம்மாவோடு ஆட நல்ல கதையுள்ள கேம் சொல்லுங்களேன்

பெங்களூரு நண்பர்களே, நாங்கள் அல்சூரில் இருக்கிறோம். அம்மாவுக்குத் தமிழும் கொஞ்சம் கன்னடமும்தான் தெரியும். 2013இல் வந்த ‘பிரதர்ஸ்: எ டேல் ஆஃப் டூ சன்ஸ்’ கேமைச் சேர்ந்து ஆடினோம். ஒரே கன்ட்ரோலர்; இடது ஸ்டிக் அண்ணனுக்கு, வலது ஸ்டிக் தம்பிக்கு. ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். அதில் பேசுவது கற்பனை மொழி, அதனால் கதை அவருக்கு அப்படியே புரிந்தது. தண்ணீருக்குப் பயப்படும் தம்பி கடைசியில் தனியாக நீந்த, அண்ணனுடைய பட்டனை அழுத்த வேண்டும். அம்மா தேம்பித் தேம்பி அழுதுவிட்டார்.

அப்புறம் வசனமே இல்லாத ‘ஜர்னி’, ‘கிரிஸ்’ இரண்டையும் குறித்து வைத்திருக்கிறேன். ஆனால் அம்மாவுக்குக் குடும்பக் கதைதான் வேண்டும். ஆங்கிலம் படிக்கத் தேவையில்லாத கேம் வேறு என்ன இருக்கிறது? வீட்டில் பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) கேம் கன்சோல் உண்டு. டிஸ்க் இரவல் தருவதாக இருந்தால் நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.