வாலி வெஸ்ட் ரெண்டு பேர் இருக்கான், எவன் நிஜம் என்று பையன் கேட்கிறான். என்ன சொல்வது?

சைதை_ஓட்டக்காரன் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிறு பையனைக் கூட்டிக்கொண்டு சென்ட்ரல் பக்கம் அல்லிக்குளம் பழைய புத்தகக் கடைகளுக்குப் போனேன். ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். சணல் கயிறு போட்டுக் கட்டிய ஒரு கட்டு அமெரிக்க டிசி கம்பெனியின் காமிக்ஸ் இதழ்கள் கிடைத்தன. பாதி தொண்ணூறுகளில் வந்த ஃப்ளாஷ் (மின்னல் வேகத்தில் ஓடுகிற சூப்பர் ஹீரோ), மீதி 2014க்குப் பிறகு வந்தவை. வீட்டுக்கு வந்ததும் எல்லாவற்றையும் தரையில் பரப்பிப் போட்டுப் படித்தவன், ராத்திரி சாப்பிடும்போது கேட்டான்: "அப்பா, ஒரு புக்ல வாலி வெஸ்ட் வெள்ளையா செம்பட்டை முடியோட இருக்கான், இன்னொண்ணுல கறுப்பா இருக்கான். பேரு ஒண்ணுதான். எவன் நிஜம்?"

பதில் சொல்ல முடியாமல் ரசத்தை ஊற்றிக்கொண்டேன்.

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வாலி 1959ல் ஃப்ளாஷுக்குத் துணையாக, கிட் ஃப்ளாஷாக வந்த பையன். அப்போது ஃப்ளாஷாக இருந்த பேரி ஆலன் 1985ல் செத்த பிறகு அவனே ஃப்ளாஷ் ஆகி இருபது வருஷத்துக்கு மேல் ஓடினான். நான் கல்லூரியில் படித்த ஃப்ளாஷ் அவன்தான். பேரி யாரென்றே எனக்கு ரொம்ப நாள் தெரியாது. 2011ல் டிசி மொத்தக் கதையையும் அழித்து முதலிலிருந்து ஆரம்பித்தபோது வாலியைக் காணவில்லை. செத்துப்போனதாகக்கூடச் சொல்லவில்லை, பிறக்கவே இல்லை என்பது போல விட்டுவிட்டார்கள். மூன்று வருஷம் காத்திருந்தோம். 2014ல் அதே பெயரில் ஒருவன் வந்தான், வேறு முகம், கறுப்பினக் குடும்பத்துப் பையன்.

எனக்கு அன்றைக்குக் கோபம் வந்தது. இன்னும் இருக்கிறது. ஆனால் மார்வெல் கதைகளில் வரும் உளவாளி நிக் ஃப்யூரி விஷயத்தில் எனக்கு அப்படி எதுவும் வரவில்லையே? அவரும் 1963ல் வெள்ளைக்காரராகப் பிறந்தவர்தான். 1998ல் வந்த தொலைக்காட்சிப் படத்தில் டேவிட் ஹாசல்ஹாஃப் நடித்தார். இப்போது அந்தப் பெயரைச் சொன்னால் சாமுவேல் ஜாக்சன் முகத்தைத் தவிர வேறு எதுவும் எனக்கு ஞாபகத்துக்கு வருவதில்லை. அது சரி, இது தப்பு என்றால் என் அளவுகோல்தான் என்ன?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என் பையன் என் நிறம், நல்ல கறுப்பு. அந்த வெள்ளைப் பையனைக் காட்டி "இவன்தான்டா நிஜம், அவன் சும்மா" என்று அவனிடம் சொல்ல வாய் வரவில்லை.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

வளசை_வண்ணம் எழுதியது:

நண்பரே, நான் பன்னிரண்டு வருஷமாக வளசரவாக்கத்தில் வீட்டிலிருந்தே வெளிநாட்டு காமிக்ஸுக்குக் கலர் போடுகிறேன். பெரும்பாலும் ஃப்ளாட்டிங், அதாவது கோட்டோவியத்தில் முகம், சட்டை, முடி என்று ஒவ்வொரு பகுதியையும் தனித்தனி நிறத்தால் நிரப்பிப் பிரித்துக் கொடுப்பது. ஒளி, நிழல் எல்லாம் அடுத்த ஆள் போடுவார். அதனால் இந்தக் கேள்வியை நான் தினமும் கையால் தொடுகிறேன்.

அந்தக் காலத்து அமெரிக்க இதழ்கள் எப்படி அச்சாயின என்று தெரிந்தால் பாதி புரியும். மட்டமான செய்தித்தாள் காகிதம். கறுப்பு மை கோட்டுக்கு, நிறத்துக்கு மஞ்சள், மெஜந்தா, சயான் என்று மூன்றே மை. ஒவ்வொன்றும் பூஜ்யம், கால், அரை, முழுசு என நாலு அளவு, எல்லாம் சேர்ந்து 64 நிறம். அதில் மஞ்சள் 25 சதவீதம், மெஜந்தா 25 சதவீதம் கலந்ததற்குப் பெயரே சதை நிறம். மனிதன் என்றாலே அந்தக் கட்டம்தான், கண்ணை மூடிக்கொண்டு குறித்துவிடலாம். கறுப்பினப் பாத்திரம் வந்தால்தான் கலர்காரர் யோசிக்க வேண்டும். மூன்று மையும் சேரும்போது அந்தக் காகிதத்தில் சேறு மாதிரி ஆகிவிடும், பழைய இதழ்களில் பலர் சாம்பல் கலந்த களிமண் நிறத்தில் நிற்பது அதனால்தான். ஹல்க்கே 1962ல் முதல் இதழில் சாம்பல் நிறம், அச்சில் ஒரே மாதிரி வரவில்லை என்றுதான் பச்சைக்கு மாற்றினார்கள். ஆக, நாம் 'ஒரிஜினல் நிறம்' என்று பிடித்துக்கொண்டிருக்கும் பலதும் யாரும் உட்கார்ந்து தீர்மானித்தது இல்லை. அந்தக் கட்டம் கைக்குப் பக்கத்தில் இருந்தது, அவ்வளவுதான்.

அதற்காக எப்படி மாற்றினாலும் சரி என்று சொல்ல மாட்டேன். ஒருமுறை ஒரு தொடரின் நடுவில், எந்தக் கம்பெனி என்று வேண்டாம், புது மாடல் ஷீட் வந்தது, அதாவது பாத்திரங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று காட்டுகிற மாதிரிப் படம். ஒரு துணைப் பாத்திரத்தின் தோல் எண் மட்டும் மாறியிருந்தது. பக்கங்களைத் திறந்து பார்த்தால் வரைந்தவர் பழைய ஆளையே வரைந்திருக்கிறார், மூக்கு, உதடு, முடி, ஒரு கோடு மாறவில்லை. நான் கணினியில் நிறம் நிரப்புகிற பெயிண்ட் பக்கெட்டை எடுத்து முகத்தில் ஒரு சொடுக்கு, கையில் ஒரு சொடுக்கு, கழுத்தில் ஒரு சொடுக்கு. ஒரு மனிதனின் இனம் நாலே நிமிஷத்தில் மாறிவிட்டது. அன்றைக்கு எனக்கு வேலை பிடிக்கவில்லை. அந்த ஆளுக்கு ஒரு வீடு, ஒரு அம்மா, ஒரு தெரு என்று எதையும் யோசிக்காமல் எங்கள் கையில் தள்ளிவிட்டார்கள்.

நிக் ஃப்யூரி உங்களை உறுத்தாததற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். 2002ல் மார்வெலின் அல்டிமேட்ஸ் தொடர் வந்தபோது ஓவியர் பிரையன் ஹிட்ச் அவரைப் புதிதாகவே வரைந்தார். முகம் மட்டுமில்லை, நிற்கிற தோரணையும் ஜாக்சனுடையதுதான். அது தனி உலகம் வேறு, பழைய வெள்ளை ஃப்யூரி தன் உலகத்தில் பத்திரமாக இருந்தார். யாரும் சாகவில்லை.

---

முத்து_72 எழுதியது:

நான் முத்து காமிக்ஸ் ஆரம்பித்த 1972லிருந்து வாசகன். இரும்புக்கை மாயாவியை முதல் இதழிலேயே படித்தவன். எங்களுக்கு இந்தப் பிரச்சினையே தெரியாது தம்பி, ஏனென்றால் சிவகாசியிலிருந்து வந்த புத்தகம் கறுப்பு வெள்ளை. மாயாவியும் சரி, வில்லனும் சரி, போலீசும் சரி, எல்லார் முகமும் பழுப்பேறிய காகித நிறம். அவர் இங்கிலாந்து ஆள் என்பதே எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் உறைத்தது. புதுப்பேட்டைப் பக்கம் எங்காவது பட்டறையில் நிற்பார் என்று தேடியிருக்கிறேன், நிஜமாகவே.

ஆனால் மந்திரவாதி மாண்ட்ரேக் கதையில் வரும் லொதாரை மட்டும் மறக்க முடியாது. 1934ல் வந்த பாத்திரம். ஆப்பிரிக்க இளவரசன் என்பார்கள், ஆனால் சிறுத்தைத் தோலைப் போர்த்திக்கொண்டு, குஞ்சம் வைத்த தொப்பியோடு, அரைகுறை மொழியில் பேசி எசமானுக்குப் பின்னால் நடப்பான். 1965ல் ஃப்ரெட் ஃப்ரெடரிக்ஸ் வரைய வந்தபோது லொதார் ஒழுங்காக உடுத்தி ஒழுங்காகப் பேச ஆரம்பித்தான். மாண்ட்ரேக்குக்கு நண்பன் ஆனான். இதைவிட நல்ல மாற்றம் எது? அதற்கு அவன் நிறத்தைத் தொட வேண்டிய தேவையே வரவில்லை.

நம் ஊரிலும் மாற்றினார்கள். முகமூடி மாயாவி (ஃபேண்டம், இரும்புக்கை மாயாவி இல்லை) கதைகளில் வரும் சிங் கடற்கொள்ளையர்களை இந்திரஜால் காமிக்ஸில் 'சிங்கா' ஆக்கினார்கள், பெங்காலி என்ற நாட்டை 'டெங்காலி' ஆக்கினார்கள். இங்கே படிக்கிற சீக்கியப் பையன் புண்படுவானே என்றால் அந்த ஒரு எழுத்து போதும், எனக்கு அதில் வருத்தம் இல்லை.

எனக்கு வருத்தம் இருப்பது எதிர்ப்பக்கம். டாக்டர் ஸ்ட்ரேஞ்சின் குரு திபெத்தியக் கிழவர், 2016 படத்தில் கெல்டிக் பெண்மணி ஆகிவிட்டார். பேட்மேனின் வில்லன்களைப் பாருங்கள். ராஸ் அல் கூல் என்பது அரபுப் பெயர், 2005ல் நடித்தது லியாம் நீசன். பேன் கரீபியத் தீவுச் சிறையில் வளர்ந்தவன், 2012ல் டாம் ஹார்டி. நடிப்பில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் ஏற்கெனவே நம் பக்கத்து ஆட்கள் நாலே பேர், அதிலும் மூன்று பேரை எடுத்துக்கொண்டால் எப்படி? வாலியின் முடி நிறத்துக்கு இத்தனை பேர் அழுதார்கள், அந்தத் திபெத்தியக் கிழவருக்கு அழ நம் பக்கம் எத்தனை பேர் இருந்தார்கள்?

---

ராயபுரம்_ராக்கெட் எழுதியது:

எனக்கு இதில் குழப்பமே இல்லை. புது ஆள் வேண்டுமா, புது ஆளைக் கொண்டு வா. 1971ல் க்ரீன் லாண்டர்னாகக் கறுப்பின ஜான் ஸ்டூவர்ட்டைக் கொண்டு வந்தார்கள், அதற்கு முன்பே இருந்த வெள்ளை ஹால் ஜார்டனைத் துரத்தவில்லை. 2001ல் வந்த ஜஸ்டிஸ் லீக் கார்ட்டூனைப் பார்த்து வளர்ந்த எங்கள் செட்டுக்கு க்ரீன் லாண்டர்ன் என்றால் ஜான்தான். ஸ்பைடர்மேனாக மைல்ஸ் மொராலஸ் 2011ல் வந்தான், பீட்டர் பார்க்கர் பெயரைத் திருடவில்லை, தன் பெயரிலேயே ஜெயித்தான். 2004ல் இந்திய ஸ்பைடர்மேனாக மும்பைப் பையன் பவித்ர் பிரபாகர் வந்தான், 2023ல் அவனைப் பெரிய திரையில் தமிழ் பேச வைத்தார்கள், தியேட்டரில் விசில். பெயரும் நிறமும் சேர்ந்தே புதிதாக வந்தால் யாரும் யாரையும் தள்ளிவிட்டு வர வேண்டியதில்லை.

வாலி விஷயத்தில் எனக்குப் பெரிய கோபம் வேறு. நிறத்தை மாற்றியதோடு, அந்தப் பையனை சுவரில் கிறுக்கி மாட்டிக்கொள்கிற, தறுதலையாகத் திரிகிற பையனாக அல்லவா அறிமுகப்படுத்தினார்கள்? பழைய வாலி மாமா பேரி பின்னாலேயே சுற்றுகிற ரசிகன். கறுப்பு ஆனதும் உடனே போலீஸ் பிடிக்கிற பையன் ஆகிவிட வேண்டுமா? அதை எழுதியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

---

நீலவானம்_வியாசை எழுதியது:

ராக்கெட் தம்பி, புது ஆளைக் கொண்டு வா என்பது சொல்ல சுலபம். படத்துக்குக் காசு போடுகிறவர்கள் அறுபது வருஷப் பழைய பெயர்களுக்குத்தான் போடுகிறார்கள். அந்தப் பெயர்கள் எல்லாம் வண்ணம் தம்பி சொன்ன அந்த ஒரே கட்டத்தில் பிறந்தவை. அப்புறம் மற்றவர்கள் எப்போதுதான் உள்ளே வருவது?

நிறம் கதையாக இருக்கிறதா என்று பார்ப்பேன் நான். வெள்ளைக்காரன் கால் வைக்க முடியாத ஆப்பிரிக்க நாட்டின் ராஜா என்பதுதான் பிளாக் பாந்தர். எக்ஸ்-மென் கதைகளின் மேக்னீட்டோ யூதர், நாஜி முகாமில் குடும்பத்தை இழந்தவர். இவர்களை மாற்றினால் மிச்சம் எதுவும் இருக்காது. பேட்மேன் கதைகளின் கேட்வுமனை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் காசில்லாத பெண், திருடுகிறாள், பூனை வளர்க்கிறாள், சுவர் ஏறிக் குதிக்கிறாள். கறுப்பின நடிகை எர்த்தா கிட் 1967லேயே அந்த வேஷத்தைப் போட்டுவிட்டார். 2022ல் இன்னொரு கறுப்பின நடிகை ஸோயி க்ராவிட்ஸ் போட்டார். இதில் எங்கே என்ன குறைந்தது?

நமக்கும் இது ஒன்றும் அமெரிக்கப் பிரச்சினை இல்லை. நான் நாலாவது படிக்கும்போது பள்ளி ஆண்டு விழாவில் கிருஷ்ண லீலை. கண்ணன் வேஷம் வகுப்பிலேயே சிவப்பான பையனுக்கு. அவனை உட்கார வைத்து நீலப் பவுடரைக் குழைத்துக் குழைத்துப் பூசினார்கள், காது மடல் பின்னால்கூட விடவில்லை. எனக்குப் பூதகி வேஷம். "உனக்கு மேக்கப் செலவே இல்லை" என்று டீச்சர் சிரித்துக்கொண்டே சொன்னார். பின்னால் கோரஸ் பிள்ளைகள் கார்மேக வண்ணா, கார்மேக வண்ணா என்று பாடுகிறார்கள். கார்மேகம் என்ன நிறம் என்று எனக்குத் தெரியும், எங்கள் வீட்டு மாடியில் நின்று பார்த்திருக்கிறேன். பள்ளி நூலகத்திலிருந்த அமர் சித்ர கதாவிலும் அதேதான், ராமனும் கண்ணனும் நீலம், அரக்கர்கள் பலர் என் நிறம். கரியவனை நீலமாக்கியதைப் பற்றி யாரும் ஒரிஜினல் போய்விட்டது என்று சண்டை போட்டதாக எனக்கு நினைவில்லை.

சைதைக்காரரே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இவ்வளவு எழுதியிருக்கிறீர்கள், பையனுக்கு எந்த வாலியைப் பிடித்திருக்கிறது என்று எழுதவில்லையே. கேட்டீர்களா?

---

சைதை_ஓட்டக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. அக்கா, நீங்கள் கேட்கிற வரைக்கும் எனக்கு அது தோன்றவே இல்லை. பூதகி கதையை மனைவியிடம் படித்துக் காட்டினேன், அவள் ஒன்றும் பேசாமல் போனை வாங்கி இன்னொரு தடவை படித்தாள்.

நேற்று ராத்திரி கேட்டேன். "பழையவன் ஜாலியா ஓடுறான்ப்பா, புதுசா இருக்கவன் பயந்துகிட்டே ஓடுறான். எனக்குப் பயந்துகிட்டு ஓடுறவன்தான் பிடிச்சிருக்கு" என்றான். நிறத்தைப் பற்றி அவனாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வாலியை அழித்ததில் என் கோபம் போகவில்லை, அது போகாது. ஆனால் அது அழித்தவர்கள் மேல் இருக்க வேண்டிய கோபம், அந்தப் புதுப் பையன் மேல் ஏன் காட்டினேன் என்று இப்போது தோன்றுகிறது. அவனும் என்ன செய்வான், இன்னொருத்தன் இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார்கள். ராக்கெட் சொன்ன அறிமுகத்தைத் திரும்பப் படித்தேன், அநியாயமாகத்தான் இருக்கிறது.

2016ல் டிசியின் ரீபர்த் இதழில் பழைய வாலி திரும்பி வந்த கதையைப் பையனுக்குச் சொன்னேன். ரெண்டு பேரும் நிஜம்தான், ஒன்றுவிட்ட அண்ணன் தம்பி, ரெண்டு பேருக்குமே கொள்ளுத்தாத்தா பெயரை வைத்துவிட்டார்கள் என்றேன். 2016ல் அதைப் படித்தபோது, மாட்டிக்கொண்டு ஏதோ சமாளிக்கிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. இவன் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. "நம்ம வீட்ல பெரிய ஆறுமுகம், சின்ன ஆறுமுகம் மாதிரியா?" என்றான். என் பெரியப்பா பையனும் என் தம்பியும். ரெண்டு பேருக்கும் எங்கள் தாத்தா பெயர்தான். பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கிற வீட்டில் இது ஒரு கேள்வியே இல்லை போலிருக்கிறது.

இப்போது அந்த 2016 ரீபர்த் முதல் இதழ் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறான், ரெண்டு பேரும் எப்படிச் சந்தித்துக்கொள்வார்கள் என்று அவனே ஒரு பக்கம் வரைந்தும் வைத்திருக்கிறான். அல்லிக்குளத்தில் கிடைக்கவில்லை. யாரிடமாவது கூடுதல் பிரதி இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள், நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.