மறுமொழி: 'மரபுவழி ஆம்போடெரிசின்' பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம். ஆம்போடெரிசின் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து இரண்டு வகையில் வருகிறது: ஒன்று பழையது, மற்றது மருந்தை நுண்ணிய கொழுப்புத் துகள்களில் ஏற்றிய புதிய 'லிப்போசோமல்' வகை. கையேட்டில் இரண்டுக்கும் என்ன தமிழ்ப் பெயர் வைப்பது என்ற பேச்சில் வந்த யோசனை இது:

> பழைய வகையை 'மரபுவழி' என்றும் லிப்போசோமல் வகையைக் 'கொழுப்புறை' என்றும் எழுதலாமே?

இரண்டுமே வேண்டாம் என்பேன். நோயாளியின் உறவினர்களுக்கான கையேடு இது. வண்ணாரப்பேட்டையில் 'மரபுவழி மருந்து' என்றால் கஷாயமும் லேகியமும்தான் நினைவுக்கு வரும். இதுவோ நரம்பில் ஏற்றும் பூஞ்சைக்கொல்லி. சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும், பொட்டாசியத்தை இறக்கிவிடும்.

பழைய வகைக்கு இன்னொரு நண்பர் சொன்ன 'சாதா' அதைவிட மோசம். சாதா என்றால் வீரியம் குறைந்தது என்றே காதில் விழும். நிலைமை நேர்மாறு. லிப்போசோமல் வகையில் ஒரு நாளைக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 3 முதல் 5 மி.கி. வரை வழக்கமாகக் கொடுக்கிறார்கள். கரும்பூஞ்சைக்கு அதற்கு மேலும் போவதுண்டு. பழைய வகையிலோ 1.5 மி.கி.யைத் தாண்டவே கூடாது. இரண்டும் 50 மி.கி. குப்பியில் வருகின்றன. புதியதன் அளவில் பழையதை ஏற்றி இதயம் நின்று இறந்தவர்கள் உண்டு. ஆகவே பழையதற்கும் தனி அடைமொழி கட்டாயம். வெறும் 'ஆம்போடெரிசின்' என்று எங்கும் எழுதக் கூடாது.

'கொழுப்புறை' அறிவியல்படியும் இடிக்கிறது. மருந்து உறைக்குள் அடைபட்டுக் கிடக்கவில்லை, கொழுமியம் என்னும் கொழுப்புப்பொருளின் படலத்திலேயே பதிந்திருக்கிறது. 'கொழுமியக் குமிழி'யும் சரிவராது. டிரிப் குழாயில் குமிழியைக் கண்டாலே பதறுகிறவர்களிடம் அந்தச் சொல்லை நீட்டலாமா? 'கொழுமியப்பொதி' என்று வைக்கலாம். அப்படியானால் மற்றது 'பொதியா' வகையா? கூடவே கூடாது. அவசரக் கையெழுத்தில் ஒரு துணைக்கால் விட்டுப்போனால் போதும், மருந்தே மாறிவிடும்.

பழைய வகையைக் கரைய வைப்பது டீஆக்ஸிகோலேட் என்னும் பித்தவுப்பு. அதையே பெயராக்கலாம், ஆனால் 'உப்பு' வேண்டாம். இந்த மருந்தை 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்னும் சர்க்கரைக் கரைசலில்தான் கலக்க வேண்டும், உப்புநீரில் கலந்தால் திரிந்துவிடும். சிறுநீரகத்தைக் காக்க முன்னதாக உப்புநீர் ஏற்றுவதும் உண்டு, அது தனியாக. ஏற்கெனவே குழம்பக்கூடிய இடத்தில் பெயரிலும் உப்பைக் கொட்ட வேண்டாம். என் முன்மொழிவு: 'பித்தச்சேர்ம ஆம்போடெரிசின்', 'கொழுமியப்பொதி ஆம்போடெரிசின்'. பித்தம் என்றதும் சிலர் புன்னகைக்கலாம், போகட்டும். எழுத்திலும் ஒலியிலும் ஒன்றை மற்றொன்றாக எடுத்துக்கொள்ள வழியில்லை.

பெட்டியில் அச்சாகியுள்ள 'லிப்போசோமல்' என்ற சொல்லையும் கையேட்டில் பக்கத்திலேயே விட்டுவைப்போம். கடையில் அதைத்தான் கேட்பார்கள்.

மருந்து ஏறும்போது வரும் நடுக்கத்தைக் 'குளிர் ஜுரம்' என்று எழுதியிருப்பதையும் மாற்ற வேண்டும். இங்கே பலருக்கு அது மலேரியா.