ஏஎஸ்ஏ எடுத்து ஃபோர்டிகேட் வைக்கிறோம்: கன்வெர்ட்டர் மட்டும் போதுமா?

செம்பனை_நெட்:
வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டம், ஆபீசும் ஆலையும் ஒரே வளாகம். ஃபயர்வாலாக இருக்கும் சிஸ்கோ ஏஎஸ்ஏ 5506-எக்ஸுக்குப் பதில் ஃபோர்டிகேட் 60எஃப் வருகிறது. லைன் யூனிஃபை பிசினஸ், நிலையான ஐபி ஒன்று. கோலாலம்பூர் தலைமை ஆபீசுக்கு ஐகேஇவி2 டனல் (குறியாக்கிய விபிஎன் இணைப்பு). அந்த முனையில் ஏஎஸ்ஏ அப்படியேதான் இருக்கும். உள்ளே லோரித் தராசு கம்ப்யூட்டர், வெளியிலிருந்து பார்க்கப் போர்ட் திறந்த சிசிடிவி, ஐபி போன் 12. விதிகள் 140 சொச்சம், பாதி எதற்கென்றே தெரியவில்லை. மேனேஜர்கள் வீட்டிலிருந்து சிஸ்கோவின் எனிகனெக்ட் விபிஎன்னில் வருகிறார்கள், அதை எஸ்எஸ்எல் விபிஎன் ஆக்க எண்ணம். ஞாயிறு ஆலை நிற்கும்போது 4 மணி நேரம் கிடைக்கும். பழைய விதிகளைத் தானாக மாற்றித்தரும் கன்வெர்ட்டரில் போட்டு ஏற்றினால் போதுமா?

கேபிள்_மண்டோர்:
தம்பி, 140 விதிக்குக் கன்வெர்ட்டர் எதற்கு? குப்பையையும் சேர்த்து அள்ளி வந்து கொட்டும். ஏஎஸ்ஏ-வில் ‘ஷோ ஆக்சஸ்-லிஸ்ட்’ போட்டால் ஒவ்வொரு வரிக்கும் ஹிட் எண்ணிக்கை தெரியும். இன்றே அதைச் சுழியமாக்கிவிட்டு ஒரு முழு மாதம் ஓடவிடுங்கள். இடையில் 15-ஆம் தேதி வந்தாக வேண்டும். இபிஎஃப், சொக்சோ (தொழிலாளர் சேமநிதி, காப்புறுதி) கட்டும் கெடு அன்றுதான், மாதத்தில் அந்த ஒரு தடவை மட்டும் ஓடும் விதி இருக்கும். அதற்குப் பிறகும் சுழியத்தில் நிற்பவற்றை ஆபீஸ் கிராணியிடம் (எழுத்தரிடம்) கேட்டுவிட்டுத் தள்ளுங்கள். மிச்சத்தைக் கையாலேயே எழுதலாம்.

எழுதிய விதியை விட, ஏஎஸ்ஏ சொல்லாமல் செய்துகொண்டிருந்த வேலைகள்தான் காலை வாரும். செக்யூரிட்டி லெவல் 100-லிருந்து (உள்ளிருந்து) 0-க்கு (வெளியே) போவதை, அந்த இன்டர்ஃபேஸில் ஆக்சஸ்-லிஸ்ட் இல்லாவிட்டால் அது தானாக விடும். ஃபோர்டிகேட்டில் பாலிசி இல்லையென்றால் எதுவும் போகாது. அடுத்தது எம்எஸ்எஸ், ஒரு பாக்கெட்டில் போகும் டேட்டாவின் உச்ச அளவு: ஏஎஸ்ஏ டிசிபி எம்எஸ்எஸ்ஸை 1380-க்குக் குறைப்பது அதன் இயல்பு. புதுப் பெட்டியில் அந்த அளவை நீங்கள்தான் வைக்க வேண்டும்; டனல் பாலிசிகளில் டிசிபி-எம்எஸ்எஸ் செண்டர் (sender), ரிசீவர் (receiver) இரண்டையும் 1350 ஆக்குங்கள். இல்லாவிட்டால் பிங் போகும், லாகின் பக்கம் வரும், பெரிய ரிப்போர்ட் மட்டும் பாதியில் தொங்கும்.

இன்னொன்று பிஎஃப்எஸ், அதாவது சாவி புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் புதிதாக டிஹெச் (சாவி உருவாக்கும்) பரிமாற்றம் கேட்பது. ஃபோர்டிகேட் ஃபேஸ் 2-இல் (டேட்டாவைக் குறியாக்கும் கட்டம்) அது முதலிலேயே ஆன், ஏஎஸ்ஏ-வின் டனல் அமைப்பான கிரிப்டோ மேப்பில் எழுதினால்தான் உண்டு. ஐகேஇவி2-வில் முதல் சைல்டு எஸ்ஏ (டேட்டா போகும் இணைப்பு) தனி டிஹெச் பரிமாற்றம் இல்லாமலே எழும்பும், அதனால் பொருந்தாமை அப்போது தெரியாது. ஏஎஸ்ஏ-வில் சாவியின் இயல்பான ஆயுள் 28,800 நொடி, ஃபோர்டிகேட்டுக்கு 43,200. ஆக ரீகீயை (சாவி புதுப்பிப்பை) முதலில் கேட்பது கோலாலம்பூர் பெட்டி. பிஎஃப்எஸ் இல்லாமல் கேட்கும், இந்தப் பக்கம் மறுத்துவிடும். மத்தியானம் மாற்றிவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனால், சுமார் 8 மணி நேரம் கழித்து டனல் விழும். இரு முனையிலும் டிஹெச் குரூப் 14 என்று எழுதி, ஆயுளையும் சமமாக்குங்கள்.

நாட் (உள் முகவரியை வெளி ஐபி ஆக்குவது) பக்கம் எளிது. ஏஎஸ்ஏ-வில் டனலுக்காக எழுதிய நாட் விலக்கு இங்கே வேண்டாம், அந்தப் பாலிசியில் நாட்டை அணைத்தால் சரி.

லேட்டெக்ஸ்88:
எஸ்எஸ்எல் விபிஎன் எண்ணத்தை விட்டுவிடுங்கள். 60எஃப் 2 ஜிபி ரேம் பெட்டி, ஃபோர்டிஓஎஸ் 7.6.0-லிருந்து அந்த வகையில் எஸ்எஸ்எல் விபிஎன்னே கிடையாது. 7.6.3-லிருந்து பெரிய பெட்டிகளிலும் டனல் மோட் போய்விட்டது. இப்போதே ஐகேஇவி2 டயல்-அப் ஐபிசெக் (வெளியிலிருந்து ஆள் இணையும் விபிஎன் வகை) போட்டால் பிறகு இரட்டை வேலை இல்லை. சிசிடிவி போர்ட்டையும் புதுப் பெட்டிக்குக் கொண்டுவராதீர்கள், மேனேஜர்கள் விபிஎன் வழியாகவே பார்க்கட்டும்.

செம்பனை_நெட்:
நன்றி அண்ணே. டனலின் ரகசியச் சாவி ‘ஷோ ரன்’ போட்டால் நட்சத்திரமாகத்தான் வருகிறது. பழைய வெண்டர் ஆளைக் காணோம்.

கேபிள்_மண்டோர்:
‘மோர் சிஸ்டம்:ரன்னிங்-கான்ஃபிக்’ போடுங்கள், முழுசாகத் தெரியும். அந்த ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள், லா.

லேட்டெக்ஸ்88:
ஞாயிறு வேலைக்கு: வான்1-இன் (வெளி லைன் போர்ட்டின்) கீழ் விலான் 500 (லைனின் டேக் எண்), அதன் மேல் பிபிபிஓஇ (லைனுக்கு லாகின் ஆகும் முறை). விலானை மறந்தால் லைன் விளக்கு எரியும், டயல் மட்டும் ஆகாது. கேபிளைப் பிடுங்கும் முன் ஏஎஸ்ஏ-வின் வெளி இன்டர்ஃபேஸை ஷட்டவுன் செய்யுங்கள். பழைய செஷன் லைன் கம்பெனி பக்கம் தொங்கினால் புது டயல் சில நிமிடம் மறுக்கப்படலாம்.

கோலாலம்பூர் சப்நெட்டுக்கு டனல் ரூட்டோடு, டிஸ்டன்ஸ் 254-இல் (கடைசி முன்னுரிமை) ஒரு பிளாக்ஹோல் ரூட்டும் (வந்த பாக்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடுவது) போடுங்கள். இல்லாவிட்டால் டனல் விழும் நொடியில் போன்களின் சிப் (SIP, அழைப்புக்கான) செஷன் வான் வழியாகத் திரும்பும், டனல் எழுந்த பிறகும் அங்கேயே ஒட்டிக்கொள்ளும். போன் பதிவாகாது, நீங்கள் பிபிஎக்ஸை (போன் எக்ஸ்சேஞ்சை) தோண்டிக்கொண்டிருப்பீர்கள்.

தராசு கம்ப்யூட்டருக்குக் கேட்வே கையால் போட்டதாக இருக்கும், பழைய பெட்டியின் மேக் (வன்பொருள்) முகவரியையும் சில நேரம் பிடித்துவைத்திருக்கும். ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, ஒரு காலி லோரியை ஏற்றி டிக்கெட் அடித்துப் பாருங்கள். ஏஎஸ்ஏ-வை ரேக்கிலேயே கேபிள் கழற்றி வையுங்கள், அடுத்த 15-ஆம் தேதி தாண்டட்டும்.