1817-இல் கட்டிய டிரிங்கோமலி போர்க்கப்பல் இன்னும் மிதப்பது எப்படி?

கேள்வி: பம்பாயில் கட்டிய பிரிட்டிஷ் பாய்மரப் போர்க்கப்பல் டிரிங்கோமலி (நம்ம திருகோணமலைப் பெயர்தான்) 200 வருடம் தாண்டியும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. நாகை, காரைக்கால் பக்கம் மரப்படகுகள் ஏன் அப்படி நிற்பதில்லை? தேக்கு மட்டும்தான் காரணமா, அதிகம் சண்டைக்குப் போகாததா?

பதில் 1: இரண்டும்தான். 1812-இல் ஆர்டர் ஆனது. அதன் கட்டுமான வரைபடத்தைச் சுமந்து வந்த பிரிட்டிஷ் கப்பல் ஜாவாவை அந்த வருடக் கடைசியில் பிரேசில் கடலில் அமெரிக்கக் கப்பல் கான்ஸ்டிடியூஷன் அழித்துவிட்டது. மறுநகல் வந்து, வாடியா குடும்பத்து ஜம்ஷெட்ஜி பொமன்ஜி 1816-இல் ஏரா (கப்பலின் அடிமரம்) போட்டார். 1817 அக்டோபர் 12 அன்று தண்ணீரில் இறக்கியபோது நெப்போலியன் சண்டையே ஓய்ந்திருந்தது. அதனால் 1819-இல் போர்ட்ஸ்மவுத் சேர்ந்ததும் ஓரம்கட்டி, கூரை போட்டு 1845 வரை நிறுத்திவிட்டார்கள். பிறகு பின்பக்கத்தை வட்டமாக்கி, 46 பீரங்கிகளுக்குப் பதில் கனமான 26 வைத்தார்கள். 1847–50 மேற்கிந்தியத் தீவுகள், வட அமெரிக்கா, 1852–57 பசிபிக். அப்புறம் பயிற்சிக் கப்பல்தான்.

பதில் 2: அண்ணன் சொன்னதோடு ஆணியையும் பாருங்கள். ஓக் மரத்தின் துவர்ப்பு அமிலம் இரும்பை அரிக்கும். தேக்கின் எண்ணெய் இரும்பைக் காக்கும். ஆனால் கப்பல்புழு (மரத்தைத் துளைக்கும் கடல் உயிர்) ஏறாமல் அடியில் செப்புத் தகடு அடித்தால், உப்புத்தண்ணீரில் செம்புக்குப் பக்கத்தில் இருக்கும் இரும்பு சீக்கிரம் கரைந்துவிடும். அதனால் தகடு அடிக்கும் ஆணியும் நீர்மட்டத்துக்குக் கீழே வரும் போல்ட்டும் செம்பாகவே இருக்க வேண்டும். தகட்டில் சின்ன ஓட்டை விழுந்தாலும் புழுக்குஞ்சு உள்ளே போய்விடும். வெளியே குண்டூசித் துளை, உள்ளே விரல் பருமனுக்குச் சுரங்கம்.

கேள்வி கேட்டவர்: அப்போ தேக்கில் கட்டினால் பயமில்லையாண்ணே?

பதில் 1: பயம் மழைத்தண்ணீர்தான் தம்பி. கடல் தண்ணீரில் மரத்தை உளுத்துப்போக வைக்கும் பூஞ்சை வளராது. தளத்து இடுக்கு வழியாக இறங்கி வங்கு (விலா எலும்பு மாதிரி உள்ளே நிற்கும் சட்டம்) அடியில் தேங்கும் நல்ல தண்ணீரில் செழிக்கும். இதே ரகத்து யூனிகார்ன் (1824) கப்பல் ஓக்கில் கட்டியது. அதற்கும் கூரை போட்டே வைத்ததால் ஸ்காட்லாந்தின் டண்டீயில் இன்றும் இருக்கிறது. தேக்கைவிடக் கூரைக்குத்தான் நான் மார்க் கொடுப்பேன். ஐப்பசி மழைக்கு முன்னால் தளத்து இடுக்கில் பழைய பஞ்சைக் கிண்டி எடுத்து, மரம் காய்ந்தபின் புதுக் கலப்பத்து (இடுக்கை அடைக்கும் பஞ்சு) அடியுங்கள். ஈரத்தில் அடித்தால் வெயிலில் மரம் சுருங்கிப் பிளந்துகொள்ளும். மழை விட்டதும் உள்ளே நிற்பதை இறைத்து, கடல் தண்ணீரால் அலசி, மூடிகளைத் திறந்து காற்று விடுங்கள். வங்கைச் சுத்தியால் தட்டும்போது கணீரென்று கேட்காமல் மொத்தென்று கேட்டால், அந்த இடத்தில் ஊசி குத்திப் பாருங்கள்.